கன்னி மூலையில் முதலாளி, வடக்கு ஜன்னலில் ஊழியர்

வாசகர் கேள்விகள்: கட்டடப் பொறியாளர் பதில் சொல்கிறார்

போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். ஆபீஸ் கட்டுபவர்கள் முகப்பைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது, அங்கே எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர்களைப் பற்றி யோசிக்கச் செலவிடுங்கள் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிறைத்துவிட்டன. எல்லாம் நம் வட ஆற்காட்டுப் பக்கத்துக் கடிதங்கள். நானும் 34 வருடமாக வேலூரில்தான் பிளான் போடுகிறேன். அதனால் கீழே உள்ள பதில்கள் இந்த ஊர் வெயிலுக்கானவை. ஊட்டியிலோ பெங்களூரிலோ கட்டுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேடம், காட்பாடியில் மெடிக்கல் பில்லிங் நிறுவனம் நடத்துகிறோம். பகல் ஷிப்ட் மட்டும். 70 பேர், முக்கால்வாசி பெண்கள். இப்போது வாடகை மாடியில் இருக்கிறோம். சொந்தமாக மேற்குப் பார்த்த மனை ஒன்று வாங்கியிருக்கிறோம். ரோட்டோரம் 80 அடி, உள்ளே 100 அடி. தரைத்தளமும் இரண்டு மாடியும் வரும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்டு டிசைன் கொடுத்திருக்கிறார்கள், இயற்கை வெளிச்சம் நிறைய வரும் என்கிறார்கள். ஊழியர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன். இந்த டிசைனையே கட்டலாமா?
– நிறுவன உரிமையாளர், காட்பாடி

வேண்டாம். மேற்கு முகத்தில் முழுக் கண்ணாடி நம் ஊருக்கு ஆகவே ஆகாது. இதை ஒரு தப்பு செய்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

1990களின் கடைசியில் சத்துவாச்சாரிப் பக்கம் ஓர் ஆபீசுக்கு நான் பிளான் போட்டேன். மேற்கே ரோடு, அதனால் மேற்கே கண்ணாடி. திறப்பு விழா அன்று காலை பத்து மணிக்குப் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த மே மாதம், அக்னி நட்சத்திரம் நடக்கும்போது, ஒரு கையெழுத்துக்காக மூன்றரை மணிக்கு அங்கே போனேன். முதல் மாடி ஹாலில் கண்ணாடி முழுக்கப் பழைய நியூஸ்பேப்பர் ஒட்டியிருந்தது. பசை காய்ந்து, தாள் பழுப்பேறி, ஓரங்கள் சுருண்டிருந்தன. ஒரு தாள் கிழிந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெயில் உள்ளே விழுந்து, ஒரு பெண்ணின் மேஜையில் இருந்த ஸ்டேப்ளர் மேல் பட்டுக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். கையில் வைத்திருக்க முடியவில்லை. அந்தப் பெண் துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு வவுச்சர் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே ஆறு ட்யூப் லைட்டும் எரிந்தன. வெளிச்சத்துக்காக நான் வைத்த கண்ணாடியை மறைத்துவிட்டு, பட்டப்பகலில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "சாயந்திரம் ஆனா சரியாயிடும் மேடம்" என்று அந்தப் பெண்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே வந்த வெயில் மேஜையிலும் தரையிலும் பட்டுச் சூடாக மாறும். அந்தச் சூடு திரும்பக் கண்ணாடி வழியாக வெளியே போகாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள் அல்லவா? அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் திருப்பித் தருகின்றன.

சரி, வெளிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும்.

என் அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் கணக்குப்பிள்ளை. பேரேடு எழுதும் மேஜையை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார். சித்திரை பிறந்து இரண்டு வாரம் போனதும் மேஜையை ஒரு முழம் உள்ளே தள்ளுவார், ஆவணியில் மறுபடி ஜன்னலோரம் கொண்டுவருவார். சின்ன வயதில் எனக்கு அது ஏனென்று தெரியாது. இன்ஜினியரிங் படித்தபோதுதான் புரிந்தது. வேலூர் வட அட்சம் 13 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும். அப்புறம் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அந்த நான்கு மாதமும், அதற்கு முன்னும் பின்னும் ஒரு மாதமும், காலையிலும் சாயங்காலத்திலும் வடக்கு ஜன்னலில் கொஞ்சம் சாய்வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற ஆறு மாதமும் வடக்கே வெறும் வான வெளிச்சம்தான். கண் கூசாது, சுடாது, தாளில் நிழல் விழாது.

தெற்கே சூரியன் வந்தாலும் உயரத்தில்தான் இருக்கும். மிகவும் தாழ்ந்து வருகிற டிசம்பர் கடைசியில்கூட நடுப்பகலில் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். நான்கடி உயர ஜன்னலுக்கு மூன்றடி சன்ஷேட் இருந்தால் அந்த மதிய வெயில் உள்ளே வராது. கிழக்கு வெயில் காலையில் கொஞ்ச நேரம்தான், சமாளிக்கலாம். மேற்கு அப்படியில்லை. மூன்று மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்துகொண்டே வரும்போது எவ்வளவு நீளமாக சன்ஷேட் போட்டாலும் அதற்குக் கீழே நுழைந்து வந்துவிடும்.

உங்கள் மனைக்கு நான் போடுவதாக இருந்தால் இப்படிப் போடுவேன். கட்டடம் தெற்கு வடக்காக 46 அடி, கிழக்கு மேற்காக 70 அடி. வடக்கே 20 அடி காலி விடுங்கள், தெற்கே 14 அடி. இரண்டு பக்கமும் நாளைக்குப் பக்கத்து மனைக்காரர் மூன்று மாடி கட்டினாலும் உங்கள் வெளிச்சம் முழுதாகப் போய்விடாது. மேற்குக் கோடியில் 14 அடியைப் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, யுபிஎஸ், ரெக்கார்டு ரூம் இவற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். யாரும் நாள் முழுக்க உட்காராத இடங்கள் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். அந்தச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவராக இருக்கட்டும். சூடு அதைக் கடந்து உள்ளே வர ஆறேழு மணி நேரம் ஆகும். அதற்குள் உங்கள் ஊழியர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இனி வடக்கு, தெற்குச் சுவர்கள். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் வேலைக்கு ஆகும் வெளிச்சம் உள்ளே போகும். நம் ஊரில் லிண்டலை, அதாவது ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டையை, 7 அடியில் வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் 15 அடியோடு வெளிச்சம் நின்றுவிடும், நடுவில் இருப்பவர்களுக்கு எப்போதும் ட்யூப் லைட்தான். மேல்விளிம்பை 9 அடிக்கு ஏற்றுங்கள். 20 அடி கிடைக்கும். வடக்கிலிருந்து 20, தெற்கிலிருந்து 20, நடுவில் 6 அடி நடைபாதை. மொத்தம் 46. அந்தக் கணக்கில்தான் அகலத்தைச் சொன்னேன்.

தரையிலிருந்து 3 அடி முதல் 7 அடி வரை பார்க்கிற ஜன்னல். அதன் மேல் சன்ஷேட். சன்ஷேட்டுக்கு மேலே 9 அடி வரை வென்டிலேட்டர், அதற்குத் தனியாக ஒரு சின்ன சன்ஷேட். பழைய வீடுகளில் ஜன்னலுக்கு மேலே பார்த்திருப்பீர்களே, அதே வென்டிலேட்டர்தான். கீழ் சன்ஷேட்டின் மேல்பரப்பில் வெள்ளை அடித்துவிட்டால், அதில் படும் வெளிச்சம் தெறித்து உள்கூரையில் போய் விழும். கூரை வெள்ளையாக இருந்தால் அங்கிருந்து ஹாலின் நடுவரைக்கும் பரவும். ஒரு எச்சரிக்கை. இவ்வளவும் கட்டிவிட்டு, இன்டீரியர் வேலைக்கு வருபவர்கள் எட்டு அடியில் ஃபால்ஸ் சீலிங் போட்டு வென்டிலேட்டரை மூடிவிடுவார்கள். இரண்டு இடத்தில் எனக்கு இப்படி நடந்திருக்கிறது. தளத்துக்குத் தளம் 12 அடி உயரம் கேளுங்கள், வயரை எல்லாம் நடைபாதைக்கு மேலே மட்டும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் வெதரிங் கோர்ஸ் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) போட்டுத் தட்டோடு பதித்து, அதற்கு மேல் வெள்ளை அடியுங்கள். மேல்மாடியில் உட்காருபவர்களுக்கு இது பெரிய உபகாரம்.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது. எவ்வளவு நல்ல கட்டடம் கட்டினாலும், குடிபோகும் அன்று மேனேஜர்கள் ஜன்னலோரம் கேபின் போட்டுக்கொண்டு, பில்லிங் செய்யும் பெண்களை நடுவில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் வீண். கேபினில் இருப்பவர் பாதி நேரம் மீட்டிங்கிலோ வெளியிலோ இருப்பார். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு எட்டு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழ முடியாதவர் அந்தப் பெண். ஒரு நாளில் யார் அதிக நேரம் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குத்தான் ஜன்னல். மீட்டிங் ரூம், சர்வர், ஜெராக்ஸ் எல்லாம் உள்ளே போகட்டும். பிளானில் 'ஹால்' என்று எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். 70 நாற்காலியையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் யார் உட்காருவார், அவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை உங்கள் ஊழியர்களிடமே காட்டுங்கள். அஸ்திவாரத்துக்கு முன்னால் அவர்கள் சொல்லும் திருத்தத்துக்கு ஒரு ரப்பர் போதும்.

அக்கா, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பது முதல் ஆறு வரை ஏசி, ட்யூப் லைட். நாலு மணிக்கெல்லாம் தலைவலி வந்துவிடுகிறது. பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, ஆனால் திரை போட்டே இருக்கிறார்கள். கட்டடத்தை மாற்றச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?
– பெயர் வேண்டாம், ஆம்பூர்

முதலில் கண் டாக்டரிடம் போய்ப் பாருங்கள். தலைவலிக்குக் காரணம் பவராகக்கூட இருக்கலாம், அதை நான் கடிதத்தில் சொல்ல முடியாது.

அப்புறம், உங்கள் மேஜை எப்படிப் போட்டிருக்கிறது? திரை போட்டே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலோ எதிரிலோ இருக்கிறது என்று தோன்றுகிறது. ஜன்னல் பின்னால் இருந்தால் அதன் பிம்பம் ஸ்கிரீனில் விழும். எதிரே இருந்தால் கண்ணைக் கூசும். இரண்டுக்கும் பயந்துதான் எல்லா ஆபீசிலும் திரையை இழுத்து மூடுகிறார்கள். மேஜையைக் கால் சுற்றுத் திருப்பி, ஜன்னல் உங்கள் இடது கைப்பக்கம் வருகிறமாதிரி போட்டுப் பாருங்கள். பழைய பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு இடது பக்கம் ஜன்னல் வருகிறமாதிரி பெஞ்சு போட்டதும் இதற்காகத்தான், எழுதுகிற கையின் நிழல் எழுத்தில் விழாது. திரையை முழுக்கத் திறக்க வேண்டாம். வெயில் நேராகப் படாத நேரம் மட்டும் திறந்தால் போதும். கிழக்கு ஜன்னல் என்றால் பதினொரு மணிக்கு மேல். மேற்கு என்றால் மதியம் வரை.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஸ்கிரீனை விட்டுவிட்டு இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பாருங்கள். கிட்டப் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை இறுகியே இருக்கும், தூரத்தில் பார்த்தால்தான் அது தளரும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குத் தூரம் என்று ஒன்று இல்லவே இல்லை. திரையைத் திறக்கச் சொல்வதில் பாதி இதற்காகவும்தான். பதினொரு மணி டீயை வெளியே நிழலில் நின்று குடியுங்கள்.

இன்னொன்று. ஜன்னல் கண்ணாடியை எப்போது துடைத்தார்கள் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு வரி இருந்தது. வேலை செய்யும் அறைக்கு வெளிச்சம் தரும் கண்ணாடி ஜன்னல்களை உள்பக்கமும் வெளிப்பக்கமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று. கண் வலிக்கும்படி கூசவோ நிழல் விழவோ கூடாது என்றும் அதில் இருந்தது. அவ்வளவு பழைய எதிர்பார்ப்பு இது. நீங்கள் மட்டும் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். பிரிவில் இருக்கும் நாலு பேராகச் சேர்ந்து, மேஜையைத் திருப்பிக்கொள்கிறோம், கண்ணாடியைத் துடைத்துத் தாருங்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

முதலாளி கன்னி மூலையில்தான் உட்கார வேண்டும், தெற்கே ஜன்னலே கூடாது என்கிறார் எங்கள் வாஸ்து ஜோசியர். நீங்கள் தெற்கு ஜன்னல் வேண்டும் என்கிறீர்கள். யார் பேச்சைக் கேட்பது?
– அரிசி மண்டி உரிமையாளர், ஆற்காடு

கன்னி மூலை விஷயத்தில் ஜோசியர் பேச்சைத் தாராளமாகக் கேளுங்கள். தென்மேற்கு மூலைதான் கட்டடத்திலேயே அதிகம் சுடும் மூலை. அங்கே தடித்த சுவர் வைத்து, ஓர் ஏசி போட்டு, நீங்கள் ஒருவர் உட்கார்ந்துகொண்டால் வடக்கும் கிழக்கும் மொத்தமாக ஊழியர்களுக்கு விடுதலை ஆகிவிடும். என்னிடம் வாஸ்து பார்த்துக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்கிறேன். வடக்கையும் கிழக்கையும் திறந்து விடு என்று வாஸ்துக்காரர்கள் சொல்வதும் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்துகிறது.

தெற்கு ஜன்னலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அகலத்தைக் குறைத்துக்கொள்ளலாம், வேண்டுமானால் வென்டிலேட்டர் மட்டுமாவது வையுங்கள். தெற்கை அடியோடு மூடினால் ஹாலின் பாதி இருட்டாகும், காற்று உள்ளே வந்தாலும் வெளியே போக வழியிருக்காது. ஜோசியரிடம் வென்டிலேட்டரைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

எங்கள் ஆபீஸ் ஏற்கனவே மேற்குக் கண்ணாடியோடு கட்டியாயிற்று. கருப்பு கூலிங் ஃபிலிம் ஒட்டினால் போதாதா?
– வாசகர், வாலாஜாபேட்டை

கொஞ்சம் குறையும். ஆனால் கருப்பு ஃபிலிம் சூட்டைத் தடுப்பதைவிட வெளிச்சத்தை அதிகமாகத் தடுக்கும், கண்ணாடியே சூடேறி ரேடியேட்டர் மாதிரி உள்ளே வீசும். மே மாதம் அந்தக் கண்ணாடியில் கையை வைத்துப் பாருங்கள், தெரியும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். உள்ளே போடும் திரையில் படும்போது வெயில் ஏற்கனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. கண்ணாடியிலிருந்து ஓர் அடி தள்ளி இரும்புச் சட்டம் அடித்து, அதில் மூங்கில் தட்டி கட்டுங்கள். அந்த ஓர் அடி இடைவெளியை அடைக்க வேண்டாம், சூடான காற்று மேலே போக அதுதான் வழி. பட்ஜெட் இருந்தால் தட்டிக்குப் பதில் சுட்ட மண் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையாக இருக்கும் தடுப்பு. கோடையில் தட்டியோடு வெட்டிவேர் தட்டியும் கட்டித் தண்ணீர் தெளித்தால் அந்த மூன்று மாதம் வாசமாகவும் இருக்கும்.

நான் வேலூரில் ராத்திரி ஷிப்டில் வேலை செய்கிறேன். மாலை ஆறரை முதல் அதிகாலை மூன்றரை வரை. எங்களுக்கு இயற்கை வெளிச்சம் என்ன பிரயோஜனம்?
– மெடிக்கல் கோடிங் ஊழியர், வேலூர்

உங்களுக்குத்தான் அது மற்றவர்களைவிட அதிகம் தேவை. கண்ணுக்குள் பார்ப்பதற்கான செல்கள் போக, இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே தனியாகச் சில செல்கள் உண்டு. அவை சொல்வதை வைத்துத்தான் உடம்பின் கடிகாரம் தூக்கம், பசி, உடம்புச் சூடு எல்லாவற்றையும் நடத்துகிறது. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நீங்கள் எல்லாரும் தூங்கும் நேரத்தில் விழித்திருக்கிறீர்கள். கடிகாரத்துக்குக் குழப்பமான சேதி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷிப்டுக்கு அரை மணி முன்னால் வந்து, மொட்டைமாடியில் மாலை வெளிச்சத்தில் நில்லுங்கள். உங்கள் நிர்வாகத்திடம் நான் கேட்பது, அந்த மொட்டைமாடியைப் பூட்டி வைக்காமல் ஒரு பெஞ்சும் நிழலும் போட்டுக் கொடுங்கள் என்பதுதான். ஷிப்டின் முதல் பாதியில் ஹாலில் நல்ல வெளிச்சம் இருக்கட்டும். கடைசி இரண்டு மணி நேரம் விளக்குகளில் பாதியை அணைத்து, மஞ்சள் வெளிச்சத்துக்கு மாற்றினால் வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் தூக்கம் வரும். படுக்கிற அறைக்குத் தடிமனான கருப்புத் திரை வாங்குங்கள். வாரா வாரம் ஷிப்டை மாற்றுவதுதான் உடம்பைக் கெடுக்கும். ஒரே ஷிப்டில் சில மாதமாவது விடச் சொல்லிக் கேளுங்கள்.

ராணிப்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஊழியர் நலனுக்கென்று கட்டடத்தில் செலவழிக்க மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊஞ்சல், பீன் பேக், செடித்தொட்டி என்று ஒரு கார்னர் செய்யலாமா என்று யோசனை. உங்கள் கருத்து?
– வாசகி, ராணிப்பேட்டை

செடி வையுங்கள். ஊஞ்சலுக்கு முன்னால் பெண்கள் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். அதற்கு ஜன்னல் இருக்கிறதா? உள்ளே பை மாட்டக் கொக்கி இருக்கிறதா? மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா? சாயங்காலம் வரை தண்ணீர் வருகிறதா? கழிப்பறை சரியில்லாத ஆபீசில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். நம் வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, கதவு பூட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். வயிற்றுவலியோடு வந்தவர் அரை மணி நேரம் படுக்கலாம், கைக்குழந்தைக்காரர் பால் எடுத்து வைக்கலாம். கடை, நிறுவன ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்தது. உங்கள் ரிசப்ஷனிலும் பேக்கிங்கிலும் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் கேட்டை ஒட்டி ஒரு திண்ணை கட்டுங்கள். இதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆறு மணிக்கு உங்கள் வாசலில் நின்று பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் எத்தனை பெண்கள் லாரி போகிற ரோட்டோரம் நிற்கிறார்கள்? ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம், மேலே கடப்பா கல், அதற்கு மேல் ஓட்டுக்கூரை, ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்ப் பானை. வழிப்போக்கருக்காக நம் முன்னோர்கள் வீட்டு வாசலில் கட்டியதை, நம்மிடமே வேலை செய்பவர்களுக்குக் கட்டித் தருவது பெரிய காரியமில்லை.

சிவில் படிக்கிறேன். வெளிச்சம் போதுமா என்று எப்படி அளப்பது? ஜன்னல் உடம்புக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா?
– மாணவி, வேலூர்

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். எழுத்து வேலைக்கும் கம்ப்யூட்டர் வேலைக்கும் மேஜைமேல் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் நல்லது. போனிலேயே ஆப் இருக்கிறது, உத்தேசக் கணக்குக்கு அது போதும். வெளியே மரநிழலில் ஒரு தடவை அளந்துவிட்டு உடனே வகுப்பறை நடுவில் அளந்து பாருங்கள். வெளியே ஆயிரக்கணக்கில் காட்டும், உள்ளே சில நூறுதான். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிவதில்லை. காலை பத்து, மதியம் ஒன்று, மாலை நான்கு என்று ஒரே மேஜையில் மூன்று தடவை அளந்து எழுதி வையுங்கள். ஒரு தடவை அளந்ததை நம்ப வேண்டாம்.

ஆதாரத்துக்கு, ஆஸ்பத்திரி ஊர்ப் பெண்ணான உங்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி ஆய்வே சொல்கிறேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரி. பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், வயதும் மற்றதும் ஒத்துப்போகிற 23 ஜோடிகளை எடுத்து ஒப்பிட்டார். ஒருவருக்கு ஜன்னலில் மரம் தெரியும், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் ஜன்னல் வரையும்போதெல்லாம், அதற்கு வெளியே என்ன தெரியும் என்று என்னைக் கேட்க வைத்தது அதுதான். இப்போது பிளான் போடும்போது ஜன்னலுக்கு நேரே மரத்தையும் சேர்த்து வரைகிறேன்.

மேற்கே மரம் வைத்தால் வெயில் குறையும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். என்ன மரம், எவ்வளவு தள்ளி?
– லுங்கி வியாபாரி, குடியாத்தம்

புங்கன். வெயில் உச்சத்துக்குப் போவதற்கு முன்னால் பழைய இலையைக் கொட்டிவிட்டு, சித்திரையில் பளபளவென்று புது இலையோடு நிற்கும். நமக்கு நிழல் வேண்டிய நேரமும் அதுதான். அடர்ந்த நிழல், தண்ணீரும் அதிகம் கேட்காது. வேம்பும் நல்லது. சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி வையுங்கள், மரத்துக்கு மரம் 15 அடி. மூன்றடிக்கு மூன்றடி குழி எடுத்து, எடுத்த மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து மூடுங்கள். ஆடியில் மாலை மழை ஆரம்பித்ததும் நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஓர் ஆளை இப்போதே சொல்லி வையுங்கள். வாட்ச்மேனிடம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அவர் ஊருக்குப் போகிற வாரத்துக்கு வேறு யார் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.